கோகிலவாணியின் நிழல் பணியில் சேர்ந்த கதை

மஞ்சக்காட்டூர் நகராட்சிக்குக் கணினி வந்து, அதன் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படாமல் இருந்த ஆண்டில், மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, தேர்முட்டி வீதியைக் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் கோகிலவாணியின் நிழல் அவள் காலடியிலிருந்து பிரிந்து, சாலையைக் கடந்து, நகராட்சி அலுவலகத்தின் முன்வாசல் படிகள் ஏழிலும் ஏறி, பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் பதினான்கு மாதங்களாகக் காலியாகக் கிடந்த இளநிலை உதவியாளர் இருக்கையில் போய் உட்கார்ந்தது. படியில் நின்று பீடி புகைத்துக்கொண்டிருந்த காவலாளி அதற்கு வழிவிட்டு ஒதுங்கினான். ஒதுங்கிய பிறகுதான் யாருக்கு ஒதுங்கினோம் என்று யோசித்தான், யோசித்தும் பீடியை அணைக்கவில்லை.

முதலில் கவனித்தவள் கோகிலவாணியோடு கூடை சுமந்த வேலாத்தாள்.

"ஏனு கண்ணு, உன்ற நெழலு எங்கே?"

"இங்கதான் இருக்கும்க்கா."

"எங்க இருக்குது? அதா பாரு, படியேறிப் போகுது. உன்னாட்டமே முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டுப் போகுது."

கோகிலவாணி விளக்குமாற்றை ஊன்றி நின்று எதிர்ப்பக்கம் பார்த்தாள். "பத்து மணி ஆயிடுச்சுல்லக்கா, ஆபீஸ் நேரம்" என்று சொல்லிவிட்டு, குனிந்து, தேர்ச் சக்கரத்தின் அடியில் சிக்கியிருந்த வாழைச் சருகை இழுத்து எடுத்தாள்.

இதில் வியப்பதற்கு ஏதுமில்லை என்பதை அறிய ஒன்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தவர்களின் வாரிசுகளுக்குக் கருணை அடிப்படையில் வேலை அளிக்கும் ஆணை ஒன்று அந்த நகராட்சிக்கு வந்திருந்தது. ஒரே தாளில், ஒரே எண்ணில், ஒரே நாளில் இரண்டு பெயர்கள். முதற்பெயர் பூபதி, குடிநீர் மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்து இறந்தவரின் மகன், பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தவறியவன். இரண்டாம் பெயர் கோகிலவாணி, அருந்ததியர் தெருவிலிருந்து முப்பது ஆண்டுகள் ஊரைக் கூட்டி மஞ்சள் காமாலையில் இறந்த ரங்கனின் மகள், வணிகவியலில் பட்டம் பெற்றவள், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு உயர்நிலை தேறியவள். அப்போது காலியாக இருந்தவை துப்புரவுப் பணியிடங்கள்தாம் என்பதால் இருவருக்கும் துப்புரவுப் பணியாளர் என்றே ஆணை வந்தது. மேலாளர் சிவமலை தாளைப் பார்த்தார், எதிரே நின்ற இருவரையும் பார்த்தார், யாரையும் கேட்காமல், யாரும் கேட்க வேண்டியிராத ஒன்றைச் சொல்பவரைப் போலச் சொன்னார்:

"பூபதி, நீ உள்ளாற வா, தபால் பிரிவுல உக்காரு. ஏ புள்ள, நீ பின்வாசலுக்குப் போ. மேஸ்திரி கூடை குடுப்பாரு."

அன்று முதல் பூபதி விளக்குமாற்றைத் தொட்டதில்லை. அந்த நகராட்சியின் வருகைப் பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர் என்று அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஏழு பேர் அலுவலகத்தின் உள்ளே தபால் பிரித்தார்கள், கோப்புக் கட்டினார்கள், தலைவரின் காரை ஓட்டினார்கள். அந்த ஏழு பேரும் ஊரின் எந்தெந்த வீதிகளில் பிறந்தவர்கள் என்பதைச் சொல்லாமலே எல்லோரும் அறிவார்கள். மற்ற ஐம்பத்தைந்து பேரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். காலை ஐந்தரைக்குப் பின்வாசல் வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, மேஸ்திரி பெயர் கூப்பிட்டதும் சன்னல் வழியாகக் கையை நீட்டி ஒப்பமிட்டுப் போனார்கள். பின்வாசல் வழக்கம் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எழுதப்படாததால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழியில்லை.

ஐந்தாண்டு பணி முடித்த பட்டதாரிக்கு, முப்பத்தைந்து வயது நிறைவதற்குள், இளநிலை உதவியாளர் பதவி அளிக்கலாம் என்று விதி இருந்தது. கோகிலவாணிக்கு அந்தத் தகுதி வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருபத்து மூன்று மனுக்கள் கொடுத்திருந்தாள். இருபத்து மூன்றுக்கும் 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்ற பதில், வெவ்வேறு ஆணையர்களின் வெவ்வேறு கையெழுத்துகளில் வந்திருந்தது. அந்த ஆனி மாதம் பதினாறாம் நாள், ஆங்கிலக் கணக்கில் ஜூன் முப்பது, அவள் முப்பத்தைந்துக்குள் இருக்கும் கடைசி நாள்.

நிழல் பணியில் சேர்ந்தது இப்படிப்பட்ட ஆண்டில்தான்.

அது நல்ல நிழலாக இருந்தது. காலை பத்துக்கு உட்காரும், நிமிராது. ஒரு கறுத்த கை பேனாவின் நிழலைப் பிடித்து எழுத, தாளில் எழுத்துகள் ஈயப் பென்சிலால் எழுதியதைப் போலச் சாம்பல் நிறத்தில் விழும். மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லா நிழல்களையும் போல அதுவும் தன் உடலுக்குரிய காலடிக்குத் திரும்பிவிடும். இரண்டு மணிக்கு மறுபடி படியேறும். கோகிலவாணி வெயிலில் நிற்கும் வரை அது இருக்கையில் இருக்கும். பங்குனியில் ஒருநாள் அவள் காய்ச்சலில் வீட்டுக்குள் படுத்துக் கிடந்தபோது இருக்கையும் வெறுமையாகக் கிடந்தது. ஆக, அவள் வெயிலில் நிற்பதும் நிழல் வேலை பார்ப்பதும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதை அலுவலகம் அன்றே அறிந்துகொண்டு, மறுநாள் முதல் அவளை மரமில்லாத வீதிகளுக்கு மாற்றும்படி மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பியது.

பதினான்கு மாதங்களாகத் தேங்கியிருந்த சான்றிதழ்கள் ஒன்றரை மாதத்தில் தீர்ந்தன. பெயர் சேர்க்க வேண்டிய குழந்தைகளுக்குப் பெயர் சேர்ந்தது, இறந்து போய் ஓராண்டுக்கு மேலாகப் பதிவேட்டில் உயிரோடு இருந்த முதியவர்கள் முறைப்படி இறந்தார்கள், திருமண வயதுக்குச் சான்று கேட்டு வந்தவர்கள் அன்றே வாங்கிக்கொண்டு அன்றே பந்தக்கால் நட்டார்கள். சாம்பல் எழுத்தை யாரும் குறை கூறவில்லை. அலுவலகத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருந்த ரெபேக்கா மட்டும், அந்தச் சான்றிதழ்களை நகலெடுக்கும்போதெல்லாம் அசலைவிட நகல் கறுப்பாக வருவதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

இந்த ரெபேக்கா நாற்பது வயதைத் தாண்டியவள், அரசாணை எண்களைத் தேதியோடு ஒப்பிப்பவள், கோகிலவாணியின் இருபத்து மூன்று மனுக்களையும் தட்டச்சு செய்தவள். 'சம வேலை உரிமைக் குழு' என்ற பெயரில் அந்த ஊரில் ஓர் அமைப்பு இருந்ததென்றால், அது அவள் கடையின் பின்பக்கத்து இருட்டில் போட்டிருந்த இரண்டு பெஞ்சுகளும், அவற்றில் மாதத்துக்கு ஒருமுறை உட்காரும் பதினோரு பேரும்தான்.

ஊருக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அது நிழல் எப்படி வந்தது என்ற கேள்வியாக இருந்திருந்தால் இவ்வூரைப் பற்றி நல்லதாக ஒரு சொல் எழுதலாம். எழுந்த கேள்வி வேறு. அந்த நிழலுக்குத் தீட்டு உண்டா என்பதே ஊரின் கேள்வி.

அதற்குக் காரணமும் இருந்தது. தேர்முட்டி வீதியின் முனையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இன்றும் நிற்கிறது. இந்த ஊரின் பாட்டனார்கள் காலத்தில், கோகிலவாணியின் பாட்டனார்கள் அந்தக் கல்லைத் தாண்டி வீதிக்குள் வர வேண்டுமென்றால் உச்சிப்பொழுதில் மட்டுமே வரலாம். காலையிலும் மாலையிலும் நிழல் நீண்டு எதிர்வீட்டுக் கோலத்தின் மேலோ, உலர்த்திய நெல்லின் மேலோ, நடந்து போகிறவரின் வேட்டியின் மேலோ விழுந்துவிடும் என்பதால், அது காலடியில் ஒடுங்கும் வேளை ஒன்றே அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. உடலைவிட நிழலுக்கே அஞ்சிய காலம் அது. ஆகவே இப்போது நிழலே படியேறி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டபோது, கோயில் கமிட்டி அறையில் பெரியவர்கள் கூடி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பேசினார்கள்.

முடிவு இவ்வாறு அறிவிக்கப்பட்டது. நிழல் தண்ணீர் குடிப்பதில்லை, ஆகவே பானையைத் தொடாது. நிழல் சாப்பிடுவதில்லை, ஆகவே சாப்பாட்டு வேளையில் எதிரே உட்காராது. நிழலுக்குக் கழிப்பறை வேண்டாம். நிழல் 'வணக்கம்' சொல்லாது, ஆகவே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. இவை அனைத்தையும் கருதுமிடத்து, நிழலுக்குச் சாதி கிடையாது. பாட்டனார்கள் நூறு ஆண்டுகள் கட்டிக் காத்த ஒரு நம்பிக்கையை, பிறப்புச் சான்றிதழ் தாமதமில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக, இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள். திருப்பியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"ஆளைக் காட்டியும் நெழலு சௌரியமுங்க" என்றார் மேலாளர் சிவமலை ஆணையரிடம். "சங்கம் வைக்காது, லீவு கேட்காது, மொகத்தைத் தூக்கி வச்சுக்காது."

அலுவலகத்தார் பழகிக்கொண்டார்கள். பூபதி தினமும் புதுத் தபாலை நிழலின் முன் வைக்கும்போது, "இந்தா கோகிலா" என்று சொல்லிப் பழகிவிட்டான். அவன் கெட்டவன் அல்லன். நல்லவனாக இருக்க அவன் இருந்த இடத்தில் எந்தச் சிரமமும் படத் தேவையில்லை.

கோகிலவாணியோ நிழலின்றி வெயிலில் நின்றாள். நிழலை இழந்த உடலுக்கு வெயில் இருமடங்காகச் சுடும் என்பதை அவள் சித்திரையில் அறிந்தாள். தார் உருகும் வேளையில் நாவிதர் தெருவைக் கூட்டிக்கொண்டே, அவள் மனம் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் எந்த வரி எழுதப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நண்பகலில் நிழல் திரும்பி வந்து காலடியில் ஒடுங்கும்போது அதன் மேல் மை வாசனை வீசியது.

"உன்ற நெழலு பேன் காத்துல உக்காந்திருக்குது, நீ இங்க வெந்துகிட்டு இருக்கற" என்றாள் வேலாத்தாள். "உனக்குள்ளயே மேல் சாதி, கீழ் சாதி வந்துட்டுது பாரு."

கோகிலவாணி சிரித்தாள். அந்த ஆண்டு முதல் இன்றுவரை அவள் சிரித்ததை வேலாத்தாள் இரண்டு முறைதான் கண்டிருக்கிறாள். இது முதல் முறை.

ரெபேக்கா இருபத்து நான்காவது மனுவைத் தட்டச்சு செய்தாள். இதுவரை எழுதியவற்றுள் வலுவானது அதுவே என்று இருவரும் நம்பினார்கள். மனுதாரர் மாசி மாதம் முதல் மேற்படி இருக்கையின் பணிகள் அனைத்தையும் செவ்வனே ஆற்றி வருகிறார், எழுத்து மனுதாரருடையது என்பதற்கு வருகைப் பதிவேட்டில் அவர் இட்ட ஒப்பங்களே சான்று, எனவே பணியை ஆற்றுபவருக்கே பதவியை அளிக்க வேண்டும். மாவட்டத்திலிருந்து அலுவலர் ஒருவர் விசாரணைக்கு வந்தார். இருக்கையைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த நிழலையும் பார்த்தார். பதிவேடுகளைப் புரட்டி, 'மிக நேர்த்தி' என்று ஓரத்தில் குறிப்பெழுதினார். கோகிலவாணி பின்வாசல் சன்னலுக்கு வெளியே நின்று பதில் சொன்னாள், ஏனெனில் விசாரணைக்கும் அவள் உள்ளே அழைக்கப்படவில்லை.

வைகாசியில் முடிவு வந்தது. ரெபேக்கா அதைக் கடையின் இருட்டில் நின்று உரக்கப் படித்தாள். நிழல் என்பது பணியாளர் அன்று, ஆகவே அது ஆற்றிய பணி மனுதாரரின் பணியாகக் கொள்ளத்தக்கதன்று. மேலும், அப்பிரிவில் நிலுவை ஏதும் இல்லாததால் இளநிலை உதவியாளர் பணியிடம் தேவையற்றதாகிறது. எனவே அப்பணியிடத்தை ஜூன் முப்பதுக்குப் பின் அரசிடம் ஒப்படைப்பு செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.

படித்த தாளை மடித்து நகலெடுக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

"நம்ம கையாலேயே நம்ம கழுத்தை..." என்று தொடங்கினாள் ரெபேக்கா.

"என்ற நெழலு வேலை பார்க்கலீன்னா அந்த சீட்டு இன்னும் காலியா இருந்திருக்கும், இல்லீங்களா அக்கா?"

"இருந்திருக்கும்."

"நான் நல்லா வேலை செஞ்சதுனால வேலையே இல்லாம போச்சு."

"ஆமா கோகி."

கோகிலவாணி எழுந்து வெயிலில் இறங்கினாள், கால் வெயிலில் பட்டதும் நிழல் அவளை முந்திக்கொண்டு படியேறிப் போய்விட்டது, அவள் அதன் பின்னே சாலையைக் கடந்தாள். அலுவலகத்தின் பக்கவாட்டுச் சன்னலுக்குப் போய், கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எழுதிக்கொண்டிருந்த தன் நிழலைப் பார்த்து, "நிறுத்து" என்றாள். நிழல் நிமிர்ந்தது, அவளைப் பார்த்தது, மறுபடி குனிந்தது. அன்றைக்கு இன்னும் நான்கு சான்றிதழ்கள் மீதியிருந்தன. முட்டுச் சந்தின் கடைசி மூலையையும், யாரும் பார்க்காத கோயில் பின்மதிலின் அடியையும் கூட்டாமல் வீடு திரும்பியறியாத ஒருத்தியின் நிழல் அது. வேலையைப் பாதியில் விட அதற்குத் தெரியவில்லை. கற்றுக்கொடுத்தவளுக்கே தெரியாததை அது எங்கிருந்து கற்கும்?

அப்போதுதான் கோகிலவாணி தன் வாழ்நாளில் முதல்முறையாக, உடம்புக்கு ஒன்றுமில்லாமலே, விடுப்பு எழுதிக் கொடுத்தாள். ஒன்பது ஆண்டுகளில் சேர்ந்திருந்த நாட்கள் அத்தனையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடிவதற்குள் ரெபேக்காவின் கடைக்குள் போய், வெயில் நுழையாத பின்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெயில் சாயும் வரை வெளியே வரவில்லை. பத்து மணிக்கு இருக்கை காலியாக இருந்தது. பதினொன்றுக்கும் இருந்தது. மறுநாளும் இருந்தது.

வெயிலில் நிற்க மறுத்து ஒருவர் நடத்திய போராட்டம் அந்த மாவட்டத்தில் அதற்கு முன் இல்லை. முழக்கமில்லை, கொடியில்லை. காவல் நிலையத்தில் அனுமதி கேட்கவும் ஏதுமில்லை. நிழலில் உட்கார எந்தச் சட்டத்தின் கீழ் தடை விதிப்பது என்று ஆய்வாளர் தலையைச் சொறிந்தார்.

ஜூன் பிறந்தது. பள்ளிகள் திறந்தன. முதல் வகுப்பில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்றும், ஜூன் முப்பது மாலை ஐந்து மணியோடு சேர்க்கை முடியும் என்றும் பள்ளிகளின் வாசலில் எழுதி ஒட்டினார்கள். பதிவுப் பிரிவின் முன் வரிசை நின்றது, நீண்டது, படிகளில் வழிந்தது. பூபதியை உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவன் எழுதிய முதல் சான்றிதழில் குழந்தை தன் தாய்க்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தது. அவனே எழுந்து போய்த் தபால் பிரிவில் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு ஊர் கடைக்கு வந்தது.

முதலில் வந்தவர் கோயில் கமிட்டித் தலைவர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார். "அம்மிணி, பசங்க படிப்பு பாரு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வெயில்ல நின்னாப் போதும்."

"நிக்கறதுக்கு என்னங்க பதவி?" என்று கேட்டாள் கோகிலவாணி.

அவர் திரும்பிப் போனார். வணிகர் சங்கத்தார் வந்து, கடைவீதி முனையில் அவள் நிற்பதற்கு ஓர் இடம் பெருக்கித் தருவதாகவும், மணிக்கொரு தரம் மோர் அனுப்புவதாகவும் சொன்னார்கள். பெண்கள் சங்கத்தார் வந்து, கால் சுடாமலிருக்கச் சாக்கு நனைத்து விரிப்பதாகச் சொன்னார்கள். நகர்மன்றம் அவசரக் கூட்டம் கூட்டி, கோகிலவாணி நின்றுகொள்வதற்கென நகராட்சி வளாகத்தில், பின்வாசல் பக்கம், ஆறுக்கு ஆறு அடியில் ஒரு சிமெண்டு மேடை அமைப்பதென ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. எட்டு வரி நியமன ஆணை ஒன்றைத் தவிர, மனித மூளை எண்ணக்கூடிய எல்லாவற்றையும் அந்த ஊர் அவளுக்குக் கொடுக்கத் தயாராக இருந்தது.

மேலாளர் சிவமலையும் வந்தார். ஒன்பது ஆண்டுகளில் அவர் அவளைத் தேடி வந்தது அதுவே முதல் முறை.

"ஏ புள்ள, எத்தனை நாளைக்கு இருட்டுல உக்காந்திருப்பே?"

"ஆர்டர் வர்ற வரைக்கும்ங்க ஐயா."

"முப்பதாந் தேதியோட உனக்கு வயசும் போச்சு, போஸ்டும் போச்சு. அதுக்கப்புறம் உக்காந்து யாருக்கு என்ன பிரயோசனம்?"

"அது எனக்கும் தெரியுங்க."

"தெரிஞ்சும் ஏன் இந்த வீம்பு?"

"ஐயா, அந்த ஆர்டர்ல ரெண்டு பேர் பேரு இருந்துச்சு. அன்னைக்கு நீங்க எங்களைப் பார்த்துட்டு, அவரை உள்ளாற வரச் சொன்னீங்க, என்னைப் பின்னால போகச் சொன்னீங்க. என்னத்தைப் பார்த்துச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, நான் வெயில்ல வந்து நிக்கறேன்."

சிவமலை எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதாத வழக்கத்தின் பலமே எழுதாதிருப்பதில் உள்ளது என்பதை அவர் நன்கு அறிந்தவர்.

இவ்வாறு ஜூன் முப்பது வந்தது. வரிசையில் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். பதினொன்றரை மணிக்கு ரெபேக்கா கடைக் கதவோரம் நின்று எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோகி, இன்னையோட முடியுது. கோர்ட்டுக்குப் போனா, 'வயசு இருக்கறப்போ அந்த வேலையை நீ பார்த்ததுக்கு என்ன ஆதாரம்'னு கேப்பாங்க. நம்மகிட்ட இருக்கறது பூராவும் நெழலோட எழுத்து. அதைத்தான் செல்லாதுன்னுட்டாங்க."

கோகிலவாணி கதவு வழியே சாலையில் குறுகிக்கொண்டிருந்த நிழல்களைப் பார்த்தாள். பிறகு, "மணி என்னங்க அக்கா?" என்றாள்.

"பன்னெண்டு ஆகப்போகுது."

அவள் எழுந்து, கூந்தலை முடிந்து, ரெபேக்காவின் மேசையிலிருந்த கறுப்பு மைப் பேனாவை எடுத்து இரவிக்கையில் செருகிக்கொண்டு, முப்பத்தாறு நாட்களுக்குப் பின் வெயிலில் இறங்கினாள். உச்சிப்பொழுது. நிழல் எங்கும் போகாத வேளை. அது அவள் காலடியில் ஒரு முழத்துக்கும் குறைவாக ஒடுங்கி, குதிகாலை விட்டு அகலாமல், அவளோடு சாலையைக் கடந்தது. அவளுடைய பாட்டனார்களுக்கு இந்த வீதியில் நடக்க அனுமதிக்கப்பட்டிருந்த வேளையும் அதுதான். அவர்களைவிட அவள் கூடுதலாக நடந்த தூரம் ஏழு படிகள்.

காவலாளி ஒதுங்கினான். மாசி மாதம் முதல் ஒதுங்கிப் பழகிய உடம்பு, வருவது நிழலா ஆளா என்று பிரித்தறிவதற்குள் ஒதுங்கிவிட்டது. கோகிலவாணி நடைக்கூடத்தைக் கடந்து, தண்ணீர்ப் பானையைக் கடந்து, வரிசையில் நின்றவர்களைக் கடந்து, பதிவுப் பிரிவின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். நாற்காலியின் மரம் சூடாக இல்லை என்பதை முதலில் உணர்ந்தாள்.

சிவமலை அறையிலிருந்து ஓடி வந்தார். "யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

"நாலு மாசமா இங்கதானுங்க ஐயா வேலை பார்க்கறேன். இன்னைக்கு உடம்பையும் கூட்டிட்டு வந்திருக்கறேன்."

வரிசையில் ஒருவர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார். சிவமலை காவல் நிலையத்துக்குத் தொலைபேச உள்ளே போனார்.

வரிசையில் முதலில் நின்றவள் அரிசிக்கடை கிருஷ்ணவேணி. நான்கு மாதங்களுக்கு முன் தன் மூத்த மகனுக்கான சான்றிதழை இதே இருக்கையில் நிழலின் கையிலிருந்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனவள். இப்போது இளையவளின் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, எதிரே இருந்த கையைப் பார்த்தாள். அதில் காய்ப்பு இருந்தது, நகக்கண் வெடித்திருந்தது. அவள் விண்ணப்பத்தை மேசையின் விளிம்பில் வைத்து, விரல் நுனியால் உள்ளே தள்ளினாள்.

கோகிலவாணி அதை எடுக்கவில்லை. வலது கையை நீட்டினாள். "கையில குடுங்க" என்றாள்.

கிருஷ்ணவேணி அசையவில்லை. பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. மின்விசிறிக் காற்றில் தாள் விளிம்பில் படபடத்தது, விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. மணி ஒன்று அடித்தது. ஒன்றரை ஆயிற்று. நீட்டிய கை கடுக்கத் தொடங்கியபோது அவள் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள், மடக்கவில்லை. ஆய்வாளர் வந்தார். வரிசையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அவருடைய பேரனின் விண்ணப்பமும் அந்த நாற்பத்தொன்றில் இருந்தது, ஆகவே ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, புகாரை எழுத்துமூலமாகத் தரும்படி சிவமலையிடம் கேட்டார்.

இரண்டு மணி அடித்தது. நிழல் வழக்கமாகப் படியேறும் வேளை. அது எங்கும் போகவில்லை, இருக்கைக்கடியிலேயே கிடந்தது.

இரண்டேகாலுக்குக் கிருஷ்ணவேணி குனிந்து, தாளை எடுத்து, தூசியைத் தட்டி, கோகிலவாணியின் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் பட்டன. அவள் மனம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். பள்ளி அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும் என்பதால் வைத்தாள். மற்ற நாற்பது பேரும் அதே காரணத்தால், ஒருவர் பின் ஒருவராக, கையில் வைத்தார்கள். சிலர் வெளியே குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்கள். ஓடினாலும் சான்றிதழை நனைத்துவிடாமல் மற்றொரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தொரு சான்றிதழ்களிலும் 'எழுதியவர்' என்ற இடத்தில் கோகிலவாணி தன் முழுப் பெயரை எழுதி, அன்றைய தேதியிட்டாள். மேலொப்பமிட மாட்டேன் என்ற ஆணையர், தம் அறைக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அனைத்திலும் ஒப்பமிட்டார். நான்கு மணி ஐம்பதுக்குக் கடைசிக் குழந்தை பள்ளியில் சேர்ந்தது.

அத்துமீறி நுழைந்ததாக நகராட்சி அவள்மீது வழக்குத் தொடுத்தது. பதவி கேட்டு அவள் நகராட்சிமீது வழக்குத் தொடுத்தாள். நீதிமன்றத்தில் ரெபேக்கா நாற்பத்தொரு நகல்களைக் கட்டாக வைத்தாள். நீதிபதி நகராட்சியின் வழக்கறிஞரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவை செல்லுமா, செல்லாதா?" செல்லும் என்றால், வயது நிறைவதற்கு முன் அந்த இருக்கையில் அமர்ந்து அந்தப் பணியைச் செய்தவர் மனுதாரரே. செல்லாது என்றால், நாற்பத்தொரு குழந்தைகளும், ஆய்வாளரின் பேரன் உட்பட, பள்ளியிலிருந்து நீக்கப்பட வேண்டியவர்கள். வழக்கறிஞர் கால அவகாசம் கேட்டார். பதினோரு முறை கேட்டுவிட்டார். அந்தக் குழந்தைகள் இப்போது நான்காம் வகுப்பில் படிக்கிறார்கள். வழக்கு முடியும் வரை பணியிடத்தை ஒப்படைக்கக் கூடாது, இருக்கையில் இருப்பவரை அகற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு மட்டும் இருக்கிறது. நியமன ஆணை பரிசீலனையில் உள்ளது.

ஆகவே, இன்றும் கோகிலவாணியின் பெயரை மேஸ்திரி காலை ஐந்தரைக்கு வேப்பமரத்தடியில்தான் கூப்பிடுகிறார், ஏனெனில் பதிவேட்டில் அவள் துப்புரவுப் பணியாளர். அவள் ஒப்பமிட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றி வந்து, அலுவலகம் திறந்ததும் முன்வாசல் படிகள் ஏழிலும் ஏறுகிறாள்.

"ஏனு கண்ணு, ரெண்டு வாசல்லயும் உனக்கே வேலையா?" என்று வேலாத்தாள் கேட்டபோது அவள் இரண்டாம் முறை சிரித்தாள். வேலாத்தாளின் மகள் சென்ற ஆண்டு பட்டம் பெற்றிருக்கிறாள், அவளுடைய முதல் மனு ரெபேக்காவின் கடையில் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது.

வரிசையில் வருபவர்களில் பாதிப்பேர் இன்னும் தாளை மேசை விளிம்பில்தான் வைக்கிறார்கள். அவள் கையை நீட்டிக் காத்திருக்கிறாள். சிலருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது, சிலருக்கு ஒரு மணி நேரம். அவள் எழுதித் தரும் சான்றிதழ்களை நகலெடுக்கும்போது ரெபேக்கா இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கிறாள். அசலும் நகலும் ஒரே கறுப்பாக இருக்கின்றன.